மழைக்காலத்திலும் மின்விசிறி

ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தீர்களே, பெரிய உபகாரம். கண்ணமங்கலத்தில் இறங்கப்போகிறவருக்கு ஜன்னல் எதற்கு என்று கேட்டதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வேலூர் வரை போக வேண்டும். இந்தக் கண்ணாடி இதற்கு மேல் நகராது போலிருக்கிறது. முன் சீட்டுக்காரர் அவர் பக்கத்தைத் தள்ளினால் கொஞ்சம் காற்று வரும். தூங்குகிறாரா? இந்த அனலில் எப்படித்தான் தூக்கம் வருகிறதோ மனிதருக்கு.

உங்களுக்கு வியர்க்கவே இல்லையே. பவுடர்கூடக் கலையவில்லை. என்ன வயது இருக்கும்? முப்பத்தெட்டா? சரி. வயதுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, சும்மா கேட்டேன். இந்த வருஷத்துக் கத்திரி அப்படி. வேலூர்க்காரிக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பத்தொன்பது வருஷமாக அந்தக் கோட்டைச் சுவரோடு சேர்ந்து காய்ந்தவள் நான். ஆனால் இந்த வருஷத்து வெயில் வேறு மாதிரி. காலையில் பதினொன்றேகால் வாக்கில், இங்கே, நெஞ்சுக்குழிக்கு மேலே, யாரோ ஸ்டவ்வைப் பற்றவைத்த மாதிரி ஒன்று கிளம்பும். கழுத்து, காது, மயிர்க்கால் வரைக்கும் ஏறும். இரண்டு நிமிஷம்தான். ஜாக்கெட் முழுக்க நனைந்துவிடும். பிறகு உடம்பு சில்லிட்டுப் போகும். மறுபடி மூன்று மணிக்கு. வெயில் இந்த வருஷம் அப்படி விட்டு விட்டு அடிக்கிறது.

என் உடம்பில் கோளாறு எதுவும் கிடையாது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. அந்த மாதாந்திரத் தொல்லைகூட ஒரு வருஷத்துக்கு மேலாக இல்லை. உடம்பு அவ்வளவு சீராக இருக்கிறது. கோளாறு என் வீட்டுக்காரருக்குத்தான். மே மாதத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு டி.வி. பார்க்கிறார். "வசு, ஃபேனை அஞ்சுல இருந்து மூணுக்காவது குறைச்சுக்கம்மா" என்கிறார், பல் கிட்டிக்கொண்டு. டாக்டரிடம் காட்டுங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். "நான் எதுக்குடி காட்டணும்?" என்கிறார். ஆண்பிள்ளைகள் உடம்பு விஷயத்தில் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. ஊறவைத்த வெந்தயம், மோர், நன்னாரி வேர் போட்ட பானைத் தண்ணீர், நுங்கு. நைலக்ஸ் புடவைகளையெல்லாம் மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டுச் சுங்குடிக்கு மாறினேன். ஃபிரிட்ஜைத் திறந்து கறிவேப்பிலையைத் தேடி எடுக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. பேங்கில் ஏ.சி. இருக்கிறதே என்று ஏதோ படிவம் வாங்குகிற சாக்கில் மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். அங்கேயும் பதினொன்றேகாலுக்கு வந்துவிட்டது. அவர்கள் ஏ.சி.யும் சரியில்லை.

கழுத்தில் என்ன என்று பார்க்கிறீர்கள். ஈரத் துண்டு. என்னுடையது இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் வேலை பார்ப்பது அரசு அலுவலகம். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், நடத்தை விதிகள் இருக்கின்றன. கண்காணிப்பாளர். எனக்குக் கீழே ஹாலில் எட்டுப் பேர். ஹாலுக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய மின்விசிறி, பழைய காலத்து இரும்பு, ரெகுலேட்டரில் ஐந்து எண். அதற்கு நேர் கீழே கண்காணிப்பாளர் மேஜை. அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஸ்விட்ச். அது விதி இல்லை, வழக்கம். எங்கள் ஆபீசில் விதியை மீறினால் மன்னிப்பு உண்டு.

இன்னொரு வழக்கமும் உண்டு. நாங்கள் எதையும் புதிதாக எழுத மாட்டோம். ஒரு கடிதம் போக வேண்டுமா, அதே விஷயத்துக்கு முன்னால் யாரோ எழுதிய கடிதத்தைப் பழைய கோப்பிலிருந்து எடுத்து, பெயரையும் தேதியையும் மாற்றி அனுப்புவோம். சொந்தமாக எழுதினால் ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்பார்கள். முன்மாதிரி இருந்தால் யாரும் வாயைத் திறக்க முடியாது. எனக்குக் கீழே வந்த ஒவ்வொருவருக்கும் முதல் நாள் நான் சொல்வது இதைத்தான்: "சொந்தமா எழுதாதே. பழைய ஃபைலைப் பார்." ஹேமலதாவுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். முப்பத்துநாலு வயது, நல்ல சூட்டிகை. எனக்கு எதிர் மேஜை. நான் சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் பிடித்துக்கொண்டாள். அதன் பலனைத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் தவமணி மேடம் இருந்தார். நான் உதவியாளர், அவருக்கு எதிர் மேஜை. அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே ஏதோ இருந்தது, அது வேறு விஷயம். கார்த்திகை மாதம், வெளியே கொட்டுகிறது, இவர் மின்விசிறியை ஐந்தில் வைத்து எல்லா ஜன்னலையும் திறந்துபோடுவார். சாரலில் கோப்புக் கட்டுகள் நனையும். நாங்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுதுவோம். அவர் கழுத்தில் ஈரத் துண்டு. திடீரென்று எரிந்து விழுவார். ஒரு நாள் கோப்பு கட்டுகிற டேக் ஒன்றைக் காணோம் என்று அழுதார். ஒரு டேக்குக்காக! நாங்கள் அவருக்கு வைத்த பெயர் பாய்லர். அவர் ஸ்விட்ச்சில் கை வைத்தால் "பாய்லர் போட்டாச்சுடி" என்போம். அவர் காதில் விழுந்திருக்காது.

ஆறு பேர் சேர்ந்து மேலே ஒரு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. எழுதுவது யார்? என் வரைவுக்கு மாவட்டத்தில் ஒரு பெயர் உண்டு. முன்மாதிரி எதுவும் இல்லாததால் அந்த ஒன்றை மட்டும் நான் சொந்தமாக எழுதினேன். இப்போதுகூட எனக்கு மனப்பாடம். "மேற்படி கண்காணிப்பாளர் மழைக்காலத்திலும் மின்விசிறியை ஐந்தாம் எண்ணில் சுழலவிட்டும், ஜன்னல்களைத் திறந்து வைத்தும், அரசுக் கோப்புகள் நனையவும் பணியாளர்கள் சளி, காய்ச்சலுக்கு ஆளாகவும் காரணமாயுள்ளார்." இது முதல் இனம், அதாவது முதல் குற்றச்சாட்டு. "காரணமின்றிச் சினமும், காரணமின்றிக் கண்ணீரும்" என்று நான்காவது இனம். ஐந்தாவதில், அன்னாரின் மனநிலையை மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்று முடித்திருந்தேன். அப்படி முடித்தால்தான் மேலே கவனிப்பார்கள். கீழே பெயர் போடவில்லை. "இப்படிக்கு, பாதிக்கப்பட்ட பணியாளர்கள்."

அவருக்குக் குறிப்பாணை போயிற்று. விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிக்கொடுத்தது அரைப் பக்கம்கூட இல்லையாம், ஆபீசரின் பியூன் சொன்னார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐந்து இனத்துக்கு அரைப் பக்கமா என்று சிரித்தோம். ஒரு மாதத்தில் அவரை ஜவ்வாது மலைக்கு மாற்றிவிட்டார்கள். மலைக்குப் போடுவது எங்கள் துறையில் தண்டனை. ஸ்வீட் வாங்கினோம் என்று ஞாபகம். நான் ஒன்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அந்த நாற்காலி எனக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வந்த நாளிலிருந்து ஒரு குறையும் இல்லை. இந்த மார்ச்சில்தான் மின்விசிறி கெட்டது. ஐந்தில் வைத்தாலும் காற்றே வருவதில்லை. எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். மூன்று தடவை வந்தார். மூன்றாம் தடவை ஸ்டூல்மேல் ஏறி நின்றுகொண்டு, "மேடம், ஃபேன் நல்லாத்தான் சுத்துது. எல்லார் மேஜையிலயும் பேப்பர் மேல கல்லு வச்சிருக்காங்களே, பாக்கலையா?" என்றார். உண்மைதான். சாப்பாட்டு டப்பா, ஸ்டேப்லர், ஒருத்தர் மேஜையில் அரைச் செங்கல். ஒழுங்கீனம். நான் மெமோ கொடுத்தேன்.

ஹேமா எழுந்து வந்தாள். "மேடம், கழுத்து பிடிச்சுக்கிச்சு. மூணுல வச்சுக்கலாமா?"

"மே மாசத்துல உனக்குக் குளிருதா?"

"காத்து நேரா அடிக்குது மேடம்."

"எங்க அடிக்குது? எனக்கு அடிக்கலையே?"

போய் உட்கார்ந்து துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு மத்தியானம் முத்திரை குத்தப் போனேன், இங்க் பேடு காய்ந்திருந்தது. பதிவறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அங்கே தூசு அதிகம், கண்ணில் விழுந்துவிட்டது. கண் சிவந்திருந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். தூசு விழுந்தால் கண் சிவக்காதா?

போன புதன்கிழமை ஆபீசர் கூப்பிட்டார். சின்ன வயசு, என் தம்பி மாதிரி. என் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மேடம், எனக்கே சங்கடமா இருக்கு. மேல இருந்து அனுப்பியிருக்காங்க. ஏழு நாள்ல விளக்கம் கொடுத்துடுங்க. விளக்கம் சரியா இல்லன்னா மெடிக்கல் போர்டுக்கு எழுத வேண்டியதா போயிடும்."

மெடிக்கல் போர்டு என்றால் என்ன என்று தெரியுமா உங்களுக்கு? மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள் என்பார்கள். அது பெரிதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் குறைப்பேன். ஆனால் என் பணிப்பதிவேட்டில் மனநிலைப் பரிசோதனை என்று ஒரு வரி ஏறிவிடும். சிவப்பு மையில். எனக்கு இன்னும் பதினோரு வருஷ சர்வீஸ் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் எதை எழுதினாலும், எதைச் சொன்னாலும், அந்த வரியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். இருபத்தாறு வருஷமாக ஒரு கரும்புள்ளி இல்லாத பதிவேடு.

குறிப்பாணையோடு மனுவின் நகல் இருந்தது. படித்தேன். முதல் வரியிலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "மேற்படி கண்காணிப்பாளர் மழைக்காலத்திலும் மின்விசிறியை ஐந்தாம் எண்ணில் சுழலவிட்டும்..."

என் வரைவு! காற்புள்ளி உட்பட என்னுடையது. பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். முதலில் என்ன தோன்றிற்று, சொல்லட்டுமா? எவ்வளவு நல்ல வரைவு என்றுதான். பன்னிரண்டு வருஷம் கழித்தும் ஒரு சொல்லை மாற்றத் தேவைப்படவில்லை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. மே மாதத்தில் மழைக்காலம்! ஊரில் பொட்டுத் தூறல் இல்லை, கோப்புகள் நனைந்தன என்று எழுதியிருக்கிறார்கள். அதைவிட மோசம் நான்காவது இனம்.

ஹேமாவைக் கூப்பிட்டேன். அவள்தான் என்று தெரியும். பழைய கோப்பைப் பதிவறையிலிருந்து எடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டிருந்தாள். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"நாலாவது பாராவைப் படி."

படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"யார் பேர் இருக்கு?"

"தவமணி மேடம்னு இருக்கு மேடம்."

"என் பேர் என்ன?"

"வசுமதி மேடம்."

"யாரு கம்பேர் பண்ணது?"

"யாரும் பண்ணல மேடம். அவசரத்துல..."

"அவசரத்துலதான் கம்பேர் பண்ணணும்."

நீங்கள் ஆபீசில் வேலை செய்ததில்லை என்றால் இது புரியாது. நகல் எடுத்தால் இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். தனியாகப் பார்க்கக் கூடாது. தான் எழுதியது தனக்குச் சரியாகத்தான் தெரியும். அவளை உட்கார வைத்து அரை மணி நேரம் இதை விளக்கினேன். அவள் அழுதுவிட்டாள். "ஸாரி மேடம், ஸாரி மேடம்" என்றாள். மனு கொடுத்ததற்கா, பெயரை மாற்றாமல் விட்டதற்கா என்று நான் கேட்கவில்லை. இரண்டாவதற்குத்தான் இருக்கும்.

சரி, விளக்கம் எழுத வேண்டுமே. மே மாதத்தில் மழை இல்லை என்கிற ஒரே அடியில் மனுவை வீழ்த்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் விளக்கத்துக்கும் முன்மாதிரி வேண்டும். பழைய கோப்பைப் பிரித்தேன். அதில் இரண்டு விஷயம் எனக்குத் தெரியாதது. ஒன்று, தவமணி மேடத்தின் விளக்கத்தை அந்தக் காலத்து ஆபீசர் அன்றைக்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார். "மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது" என்று கையெழுத்து. அதுவும் அவசரமான கையெழுத்து. இரண்டு, மலைக்கு யாரும் அவரைப் போடவில்லை. அவரே கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். சொந்த விருப்பத்தின் பேரில்.

விளக்கம் இருக்க வேண்டிய பக்கத்தைக் காணோம். அங்கே ஒரு சீட்டு. "மிக அந்தரங்கம். தனி உறையில் வைக்கப்பட்டுள்ளது." உறை எங்கே? இரண்டு நாள் தேடினேன். பதிவறையில் இருக்கிற அத்தனை தூசும் கண்ணில் விழுந்ததுதான் மிச்சம்.

அரைப் பக்கத்தில் ஐந்து இனத்தையும் ஒரே நாளில் அடித்தது எந்த வாசகம்? அது எனக்கு வேண்டும். நாளை மறுநாள் கடைசி நாள். அவர் ஓய்வு பெற்றுப் போளூரில் இருக்கிறார் என்று விசாரித்து, இன்றைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையில் வந்தேன்.

வீடு சின்னதுதான். பதினோரு மணி, மே மாதம், ஹாலில் மின்விசிறி ஓடவில்லை! அந்த அம்மா அதற்குக் கீழே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். அறுபத்துமூன்று வயது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வா வசுமதி, உக்காரு" என்றார். நலம் விசாரித்தோம். நான் விஷயத்துக்கு வருவதற்குள் பதினொன்றேகால் ஆகிவிட்டது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை, கேட்கவில்லை. எழுந்து போய் ஸ்விட்ச்சைப் போட்டார். ஐந்துக்குத் திருப்பினார். ஜன்னல்களைத் திறந்தார். உள்ளே போய் இந்தத் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். பிறகு உட்கார்ந்து மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

"எத்தனை மாசமாச்சு?" என்றார்.

"கத்திரி ஆரம்பிச்சுப் பன்னெண்டு நாள் ஆகுது மேடம்."

அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இருமல் வருகிற வரை சிரித்தார். "கத்திரியாம். எனக்குக் கார்த்திகையிலயே கத்திரி அடிச்சுது" என்றார். "வேலூர்ல இருந்துக்கிட்டு உனக்கு டாக்டருக்கா பஞ்சம்? போய்ப் பாரு. நான் பாக்காம விட்டேன். என்னன்னு சொல்ல என் பக்கத்துல யாருமில்ல. எதிர் மேஜையில நீ இருந்தே."

"ஆமா மேடம், எதிர் மேஜைதான்" என்றேன். எவ்வளவு ஞாபகம் பாருங்கள், இந்த வயதில்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். மனு வந்திருக்கிறது, விளக்கம் கொடுக்க வேண்டும், முன்மாதிரிக்காக உங்களுடையதைப் பார்க்க வேண்டும் என்றேன். மனுவை வாங்கிப் படித்தார். நான்காவது இனத்தில் அவர் பெயர் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார். அதை நானே சுட்டிக்காட்டி, சரியாக ஒப்பிடாமல் விட்டுவிட்டார்கள் மேடம், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"இந்த 'காரணமின்றிக் கண்ணீர்' இருக்கு பார், இந்த இடம் அப்பவே எனக்குப் பிடிச்சுது. நல்ல கை" என்றார்.

எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒருவர் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு வரைவை நினைவு வைத்துப் பாராட்டுவது சாதாரண விஷயமா? எழுதியது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வேறு எங்கேயோ போயிருக்கும்.

"காரணம் இருந்துச்சு" என்றார், கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டே. அவ்வளவுதான் சொன்னார். நான் துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மலையைப் பற்றிக் கேட்டேன். "நானே கேட்டு வாங்கினது. மூணு வருஷம். சித்திரையிலகூட அங்க சாயங்காலம் சிலுசிலுன்னு இருக்கும். அங்க போய்த்தான் ஆறினேன்" என்றார். நாங்கள் ஸ்வீட் வாங்கியதைச் சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அவரும் எங்கள் ஆள்தானே, அலுவலக நகல் ஒன்று வைத்திருந்தார். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொடுத்தார். படித்தேன். இதையா எழுதிக் கொடுத்தார்? ஓர் ஆண்பிள்ளை ஆபீசரிடம்?

"அந்த ஆளு இதை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு, பல்லி விழுந்த மாதிரி நின்னாரு" என்றார் தவமணி மேடம். "அன்னைக்கே கையெழுத்துப் போட்டு மூடிட்டாரு. நீயும் இதையே கொடு. பேரையும் வயசையும் மாத்து, போதும்."

இல்லை மேடம், என் விஷயம் வேறு, எனக்கு வெறும் வெயில்தான் என்றேன். "சரி, வெயில்தான்" என்றார். துண்டை வைத்துக்கொள்ளச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அது தாங்கும், அங்கே குழாயில் மறுபடி நனைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து யோசித்தேன். மே மாதத்தில் மழை இல்லை என்கிற என் வாதத்துக்கு முன்மாதிரி இல்லை. இதற்கு இருக்கிறது. ஏற்றுக்கொள்ளப்பட்ட முன்மாதிரி. நானே எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சொந்தமாக எழுதாதே என்று. அங்கேயே பெஞ்சில் வைத்து ஒரு நகல் எடுத்துவிட்டேன். மழையையும் சேர்த்து உண்மை என்று எழுத வேண்டியிருந்ததில்தான் எனக்கு வருத்தம். என்ன செய்வது, அவர் அப்படி எழுதியிருக்கிறார்.

ஒன்று மட்டும் தீர்மானம். தனி உறை, அந்தரங்கம், அதெல்லாம் நடக்காது. பக்க எண் போட்டுக் கோப்பிலேயே தைத்துவிடுவேன். அட்டவணையிலும் ஏற்றிவிடுவேன். ஹேமலதாவுக்கு இன்னும் பதினைந்து வருஷம் இருக்கிறது. தேடிக்கொண்டு போளூர் வரை வர வேண்டாம்.

இது என்ன ஊர், சந்தவாசலா? அப்படியென்றால் உங்களுக்கு இறங்க இன்னும் நேரம் இருக்கிறது. ஓர் உதவி செய்யுங்கள். நீங்கள் மூலத்தைப் படியுங்கள், நான் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருகிறேன். இந்தாருங்கள், பழுப்பேறிய தாள்தான் மூலம். "பொருள்", "பார்வை" எல்லாம் வேண்டாம், நேராக விளக்கத்துக்கு வாருங்கள்.

"மனுவில் கண்டுள்ள ஐந்து இனங்களும் உண்மை." இருக்கிறது. படியுங்கள்.

"எனக்கு வயது ஐம்பத்தொன்று." ஐம்பத்தொன்று, சரி. மேலே போங்கள். என்ன? ஆமாம், நாற்பத்தொன்பது என்றுதான் உங்களிடம் சொன்னேன். அடடா. பார்த்தீர்களா, இதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும் என்பது. பேனா இருக்கிறது. நாற்பத்தொன்பது. சுருக்கொப்பம் போட்டுவிட்டேன். அடுத்தது.

கேட்கவில்லை. ஏன் குரலை இறக்குகிறீர்கள்? ஒப்பிடும்போது எல்லா வரியும் ஒரே சத்தத்தில் வர வேண்டும். பஸ் இரைச்சலில் எனக்கு ஒன்றும் விழவில்லை. மறுபடி. இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"மாதவிடாய் நின்றுவிட்டது." சரி. இருக்கிறது.

"உடல் கொதிக்கிறது." இருக்கிறது.

"இதற்கு மருத்துவக் குழு தேவையில்லை. மின்விசிறி தேவை." சரி. சரி. முற்றுப்புள்ளியும் இருக்கிறது.

உண்மையா என்றா கேட்கிறீர்கள்? முன்மாதிரியில் இருக்கிறதம்மா. முன்மாதிரியில் இருப்பதை நான் மாற்றுவதில்லை. கொடுங்கள், கீழே "ஒப்பிட்டது" என்று போட்டு உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறேன்.

முன் சீட்டுக்காரர் விழித்துவிட்டாரா? திரும்பிப் பார்க்கிறாரே. பார்க்கட்டும். விழித்ததுதான் விழித்தார், அவர் பக்கத்துக் கண்ணாடியைத் தள்ளச் சொல்லுங்கள்.